எலும்பியின் பங்கைத் தின்றவள்

தர்சினி! அடியே தர்சினி!

கூப்பிட்டால், "என்னடி, எனக்குக் காது இருக்குத்தானே, ஏன் கத்துறாய்?" என்று கேட்பாயே. இப்போது கேள் பார்ப்போம். உன் அண்ணா நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டார். "எனக்கு எழுத வராது அண்ணா" என்றேன். "நீ கதைக்கிற மாதிரியே எழுது வனிதா, அவளுக்கு அதுதான் விருப்பம்" என்றார். அதனால் கதைக்கிறேன். பிழை இருந்தால் எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

எங்கள் வீடு இறக்கக்கண்டியில். தர்சினி திரியாய் ஊர்ப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் குதிரைக் கொட்டிலில் வேலை செய்தோம். வெள்ளைக்காரர் ஏறிச் சவாரி போகிற குதிரைகளுக்குத் தீன் போடுகிற வேலை. வைக்கோல் தூசியால் எனக்கு இழுப்பு வந்துவிட்டது. அதனால் போன வருஷம் வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டில் தையல் தைக்கிறேன். இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற என்னை அவள் "பென்சன்காரி" என்றுதான் கூப்பிடுவாள்.

செத்த வீட்டன்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாவம், எங்கயோ குதிரைக்குப் புல்லுப் போட்டுத் திரிஞ்ச பிள்ளை." அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே எழும்பிக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஓம், புல்லுத்தான் போட்டவள்! எந்தப் புல், எவ்வளவு, எப்போது என்று தெரிந்து போட்டவள். அவள் போட்ட புல்லில் செத்துப்போக இருந்த ஒரு குதிரை எழும்பி ஓடியது தெரியுமா? அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களை வேலைக்கு எடுத்தவர் கலா மிஸ். திருகோணமலை டவுனில் பிறந்தவர். மலைநாட்டில் ரேஸ் குதிரைகளோடு கனகாலம் வேலை செய்துவிட்டு வந்தவர். முதல் நாள் எங்கள் கையில் ஒரு பால்மா டின்னைத் தந்து, ஒரு டின் கடலையும் ஒரு டின் தவிடும் அள்ளச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே அளவோ?"

"ஓம் மிஸ்" என்றோம் இரண்டு பேரும்.

அவர் இரண்டையும் தராசில் தொங்கவிட்டார். இறக்கக்கண்டியில் மீன் நிறுக்கிறவரிடம் வாங்கிய தொங்கு தராசு அது. கடலைப் பக்கம் முள் எங்கேயோ போய் நின்றது. தவிட்டுக்கு அரைவாசி தூரம்கூடப் போகவில்லை.

"டின் ஒண்டுதான். பாரம் ஒண்டில்லை. கண்ணால அள்ளிப் போடுற ஆள் எனக்குத் தேவையில்லை. நிறுத்துப் போடு."

அந்தத் தராசில் மீன் வெடுக்கு எத்தனை தரம் கழுவியும் போகவே இல்லை. குதிரைகள் மணந்து பார்த்துவிட்டு மேல் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். "உங்களைப் பாத்துத்தான் சிரிக்குதுகள் மிஸ்" என்று தர்சினி சொன்னாள். வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் அந்த வாய்! நான் பயந்தே போனேன். மிஸ் சிரிக்கவில்லை. ஆனால் ஏசவும் இல்லை.

மிஸ் ஒருநாளும் சத்தம் போடமாட்டார். எங்களை "நீ" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அந்த "நீ", "நீங்கள்" ஆகிவிடும். "வனிதா, நீங்கள் இந்தத் தண்ணி வாளியைக் கழுவினீங்களோ?" என்று கேட்டால் நான் திரும்பவும் கழுவ ஓடுவேன்.

அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று: "குதிரை உன்ர வீட்டுக்கு வந்த விருந்தாளி இல்லை. போதும் போதும் எண்டு சொல்லச் சொல்ல இலையில போடாதே." எங்கள் ஊரில் சாப்பாடு கூடப் போடுவதுதான் அன்பு. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகக் கொஞ்சக் காலம் எடுத்தது.

குதிரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் இரைப்பை ஏறக்குறைய ஒரு வாளி அளவுதான். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பல தரம் போட வேண்டும். புல்தான் சாப்பாடு. கடலையும் தவிடும் வேலை செய்கிற குதிரைக்கு மேலதிகமாகக் கொடுப்பது. மாரியில் கடல் அடிக்கும், சவாரிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வேலை குறைகிற அன்றே கடலையையும் குறைக்க வேண்டும், புல்லைக் குறைக்கக் கூடாது. புது இடத்துப் புல் வந்தால் பழைய புல்லோடு ஒரு பிடி, அடுத்த நாள் இரண்டு பிடி என்று கலந்துதான் மாற்ற வேண்டும். தண்ணீரும் நக்குவதற்கு உப்புக் கட்டியும் எந்த நேரமும் இருக்க வேண்டும்.

இதெல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க ஏலாது! உள்ளே போனது போனதுதான், திரும்பி வராது. அதனால்தான் அதற்கு வயிற்றுக் குத்து வந்தால் உயிருக்கே ஆபத்து. இதைக் கேட்ட அன்று தர்சினி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப பிழையாப் போட்டா நாங்கள்தான் கொலைகாரர், என்ன?" என்று கேட்டாள். மிஸ் "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

கடற்கரைக் கொட்டில் என்றால் மணல் இன்னொரு தொல்லை. தீனை நிலத்தில் கொட்டினால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும், அது குடலில் போய்ப் படியும். அதனால் ரப்பர் விரிப்பின் மேல் தொட்டி வைத்துத்தான் போடுவோம். கிழமைக்கு ஒருதரம் லத்தியை எடுத்துத் தண்ணீரோடு ஒரு சோடாப் போத்தலில் போட்டுக் குலுக்கி வைப்போம். மணல் இருந்தால் அடியில் படியும். ஒவ்வொரு போத்தலிலும் குதிரையின் பெயர் எழுதி யன்னலில் வரிசையாக அடுக்கி வைப்பாள் தர்சினி. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் "இது என்ன பானம்?" என்று கேட்டாளாம். "டேஸ்ட் பாக்கப் போறியளோ?" என்று இவள் கேட்டிருக்கிறாள்!

இனி எலும்பியின் கதை.

அது ஒரு மார்கழி. நல்ல மழை. மலைநாட்டில் ஓடி முடிந்த ஒரு பெண் குதிரையை, தீன் போட ஏலாமல், அதன் சொந்தக்காரர் எங்கள் கொட்டிலுக்குத் தந்துவிட்டார். லொறியின் பின் கதவைத் திறந்தபோது தர்சினி "ஐயோ" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். இடுப்பெலும்பு இரண்டும் சட்டை கொழுவலாம் போல் வெளியே நின்றன. கழுத்து ஒட்டிப் பலகை மாதிரி. இறங்கி நாலடி நடந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. தர்சினி கிட்டப் போய் அதன் நெற்றியைத் தடவினாள்.

"வாடி எலும்பி" என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நான் ஓடிப்போய்க் கடலைத் தொட்டியைத் திறந்தேன். "மூடு" என்றார் மிஸ். "இவவுக்குக் கடலை இல்லை, தவிடு இல்லை, புண்ணாக்கு இல்லை, சீனி இல்லை. புல்லு மட்டும். அதுவும் நான் சொல்லுற அளவு."

பட்டினி கிடந்த உடம்பு தன் சதையையே தின்று உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதற்குத் திடீரென்று மாவும் இனிப்பும் கொட்டினால் இரத்தத்தில் எல்லாம் தலைகீழாகி நெஞ்சு நின்றுவிடும் என்று விளங்கப்படுத்தினார். "வந்த அண்டைக்குச் சாகாது. நல்லாத் தின்னுது எண்டு நாங்கள் சந்தோசப்பட்டுக்கொண்டிருக்க, சில நாள் கழிச்சுச் சாகும்."

அதனால் கையளவு புல், பிறகு கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு கையளவு. கொழும்பிலிருந்து மூட்டையில் வருகிற லூசன் என்ற காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொஞ்சம். எல்லாம் மீன் தராசில் நிறுத்து. இரவும் பகலும் முறை மாறி மாறிப் பார்த்தோம். தர்சினி வீட்டுக்கே போகவில்லை. தையல் நாடாவால் எலும்பியின் நெஞ்சைச் சுற்றி அளப்போம். முதல் கிழமை ஒன்றும் கூடவில்லை. அடுத்த கிழமை நாடா ஒரு விரல் அளவு கூடக் காட்டியது! "சதை பிடிச்சிட்டாள்டி! பிடிச்சிட்டாள்!" என்று தர்சினி கொட்டிலைச் சுற்றி ஓடினாள்.

இப்படி இருக்கும்போதுதான் பட்டிப்பொங்கல் வந்தது.

அன்றைக்கு மாட்டுக்கு, பானையில் பொங்கிய சர்க்கரைப் புக்கை கொடுப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கத்துச் சனம் குதிரைகளுக்கும் ஒரு வாய் கொண்டுவந்து கொடுக்கும். மற்ற வருஷங்களில் மிஸ் ஒரு சின்ன உருண்டைக்கு விட்டுவிடுவார். அந்த வருஷம் எல்லாருக்கும் எலும்பி மேல்தான் கண். ரோட்டால் போகிற வருகிற எல்லாரும் வேலிக்கு மேலால் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். மிஸ்ஸோ லூசன் எடுத்துவரக் கொழும்புக்குப் போயிருந்தார்.

காலையிலேயே பானைகளோடும் வாழையிலைகளோடும் ஒரு கூட்டம் கேற்றடிக்கு வந்துவிட்டது. முன்னுக்கு நின்றவர் தங்கம் மாமி, கொட்டிலுக்குப் பின்வீடு. தர்சினி கேற்றைப் பூட்டிவிட்டு அதன் முன்னால் நின்றாள்.

"என்ன பிள்ளை, வாயில்லாச் சீவன் எலும்பும் தோலுமா நிக்குது. நீ கேற்றைப் பூட்டி வச்சிருக்கிறாய்?"

"மாமி, மற்றக் குதிரையளுக்கு ஒரு உருண்டை தாங்கோ. எலும்பிக்கு மட்டும் வேண்டாம். அவவுக்கு உது நஞ்சு."

"என்ன சொன்னனீ? நான் தலை தோஞ்சு, விடியக் காய்ச்சின புக்கை நஞ்சோ?"

கூட்டம் ஒரேயடியாகச் சத்தம் போட்டது. "பட்டிப்பொங்கல் அண்டைக்குத் தீனை மறிக்கிறது பாவமடி" என்றது ஒரு குரல். "சம்பளத்துக்கு நிக்கிற பெட்டையளுக்கு என்ன இரக்கம்?" என்றது இன்னொரு குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தர்சினி என்ன செய்தாள் தெரியுமா? கேற்றடியில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"தாங்கோ மாமி. எலும்பியின்ர பங்கை நான் தின்னுறன். கொண்டுவந்த புக்கை திரும்பிப் போகக் கூடாதுதானே?"

மாமி பானையிலிருந்து ஒரு இலையில் அள்ளி வைத்தார். இலையைக் கொடுத்தார். தர்சினி தின்றாள். அடுத்த ஆள் கொடுத்தார், அதையும் தின்றாள். சனத்துக்கு இப்போது கோபம் போய்ப் பகிடி பிடித்துவிட்டது.

"இந்தா, எங்கட வீட்டுப் பங்கு! கயுப் பருப்புக் கூடப் போட்டது!"

"குதிரைக்கு வால் முளைக்குதோ பாருங்கோ!"

"தர்சினி, கனைச்சுக் காட்டு பிள்ளை!"

அவள் கனைத்தும் காட்டினாள்! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் அவள் முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் நின்றது. இன்னும் ஒரு வாய் வைத்தாள். பிறகு சட்டென்று எழும்பி, வேலியோரத்துத் தென்னைக்குப் பின்னால் ஓடி, தின்ற எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மாமியின் கையைப் பிடித்தாள்.

"பாத்தீங்களோ மாமி? எனக்கு ஏலாமப் போச்சு, வெளிய எடுத்திட்டன். அவவுக்கு எடுக்க ஏலாது மாமி. குதிரைக்கு வாந்தி வராது. உள்ளுக்கையே வச்சுக்கொண்டு சாகவேணும்."

தங்கம் மாமியின் முகம் மாறியது. பானையை அப்படியே கீழே வைத்துவிட்டு, "ஐயோ பிள்ளை" என்றார். "எங்கட மனுசன் பின் வேலியால ஒரு இலை வச்சிட்டு வந்தவர்."

நாங்கள் ஓடினோம். எலும்பி பின்வேலி ஓரத்தில் நிற்கிறாள். மூக்கில் சர்க்கரையும் சோறும் ஒட்டியிருக்கிறது. தர்சினி மிச்ச இலையைப் பறித்தாள், எலும்பியின் வாய்க்குள் கைவிட்டு இருந்ததை வழித்து எடுத்தாள். போனில் மிஸ்ஸைப் பிடித்தேன்.

"எவ்வளவு திண்டவ?" என்று கேட்டார்.

"தெரியாது மிஸ்."

"தெரியாது எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. நீங்கள் நிறுத்துப் பாருங்கோ."

நீங்கள்! தர்சினி மாமியின் கணவரிடம் திரும்பினாள். கந்தையா மாமா அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மாமா, நீங்கள் வச்ச மாதிரியே இன்னொரு இலையில வச்சுக் காட்டுங்கோ. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." அவர் அதே மாதிரி வைத்தார். அதைத் தராசில் போட்டோம். பிறகு பறித்த மிச்சத்தையும் வழித்து எடுத்ததையும் போட்டோம். இரண்டு நிறைக்கும் இருந்த வித்தியாசம்தான் எலும்பியின் வயிற்றுக்குள் போனது. ஒரு பிடிக்குக் கொஞ்சம் கூட.

மிஸ்ஸிடம் அந்த நிறையைச் சொன்னேன். "அடுத்த தீனை நிப்பாட்டுங்கோ. தண்ணி வையுங்கோ. மிருக வைத்தியருக்கு நான் சொல்லுறன். வயித்தில காது வச்சுக் கேளுங்கோ. தாடைக்குக் கீழ நாடி பாருங்கோ. குளம்பு சுடுதோ எண்டு பாருங்கோ. லத்தி போடுற மட்டும் விட்டுப் போகாதேங்கோ."

மத்தியானத்துக்குப் பிறகு எலும்பி முன்காலால் மணலைக் கிண்டத் தொடங்கினாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். வயிற்றுக் குத்தின் குறி அது. வைத்தியர் வந்து ஊசி போட்டார். மெதுவாக நடத்தச் சொன்னார். இனிப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். தர்சினி கயிற்றைப் பிடித்து நடத்துவாள், நிற்பாட்டி வயிற்றில் காது வைப்பாள். "சத்தம் இருக்குதோ?" என்று நான் கேட்பேன். "இல்லையடி, உள்ளுக்க ஒண்டுமே அசையேல்லை" என்பாள். புக்கை கொண்டுவந்த சனத்தில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகவில்லை. கந்தையா மாமா மணலில் குந்தியிருந்து, "அன்பிலதானே வச்சனான், அன்பிலதானே வச்சனான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தர்சினி அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தோளில் தட்டிவிட்டுப் போனாள். ஒரு சொல் ஏசவில்லை.

பொழுது கடல் பக்கம் மங்கத் தொடங்கியது. எலும்பி நின்றாள். வாலைக் கொஞ்சம் தூக்கினாள். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம்.

லத்தி விழுந்தது!

"போட்டிட்டாள்! போட்டிட்டாள்!" தர்சினி கத்திய கத்தலில் காகங்கள் எழும்பின. தங்கம் மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கந்தையா மாமா கையெடுத்து, கடவுளையா லத்தியையா என்று தெரியவில்லை, கும்பிட்டார்! நான் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "நீ போய்ச் சாப்பிடு வனிதா. அவளையும் சாப்பிடச் சொல்லு" என்றார். திரும்பவும் நீ! பக்கத்தில் நின்ற தர்சினி, "ஐயோ மிஸ், இண்டைக்குச் சாப்பாடு எண்ட சொல்லையே எடுக்காதேங்கோ!" என்று கத்தினாள். மிஸ் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதல் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகும் சில நாள் பயம்தான். குளம்பில் சூடு ஏறினால் குதிரை நொண்டியாகிவிடும், ஏறவில்லை. நாடி சரியாக இருந்தது. கந்தையா மாமா விடிய எழும்பிப் புல் வெட்டிக்கொண்டு வந்து, "நிறு பிள்ளை, நிறுத்துப் போடு" என்று தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். வெயில் காலம் தொடங்கியபோது எலும்பியின் விலா மூடிவிட்டது. ஒருநாள் பின்னேரம் தர்சினி கயிற்றைக் கழற்றி விட்டாள். எலும்பி தண்ணீர் ஓரமாக இறக்கக்கண்டிப் பக்கம் பார்த்து ஓடினாள் பாருங்கள்! வலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வலையை விட்டுவிட்டுக் கை தட்டினார்கள். தர்சினி பின்னால் ஓடினாள், நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்க மனமில்லை.

அதிலிருந்து பட்டிப்பொங்கலன்று எங்கள் பக்கத்துச் சனம் குதிரைக்குப் புல்தான் கொண்டுவரும். ஆனால் ஒரே ஒரு இலைப் புக்கையும் வரும். அது எலும்பியின் பங்கு. கேற்றடியில் இருந்து அதைத் தின்பது தர்சினியின் வேலை.

அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். கதைக்கவே கஷ்டப்பட்டாள். "பென்சன்காரி" என்றாள் மெல்ல. "மழை தொடங்கிட்டு. எலும்பிக்குக் கடலையைக் குறைச்சவையோ எண்டு கேட்டுச் சொல்லு." நான் அங்கேயே நின்று கொட்டிலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "குறைச்சாச்சாம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அதுதான் அவள் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

எலும்பி நன்றாக இருக்கிறாள். இப்போது தீன் போடுகிற புதுப் பிள்ளைகள் எனக்குப் போன் எடுத்து, "தர்சினி அக்கா இதை எப்பிடிச் செய்தவ?" என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வருகிற பட்டிப்பொங்கலுக்குக் கேற்றடியில் நான்தான் இருப்பேன். தங்கம் மாமி கொண்டுவருகிற இலையை வாங்கி முழுவதையும் தின்பேன். உன் அளவு என்னால் ஏலாதடி தர்சினி, ஆனாலும் தின்பேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வருகிற சொந்தக்காரரே, ஊராரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் சனமும் அவளுக்காகத் துஆ கேட்கிறார்கள். நீங்களும் உங்கள் கோயிலில், உங்கள் வீட்டு விளக்கடியில் அவளுக்காக ஒருதரம் கையெடுங்கள். வாழ்நாள் முழுக்க மற்ற உயிர்களுக்கு அளந்து அளந்து போட்டவள் அவள். அவள் போயிருக்கிற இடத்தில் அவளுக்குத் தராசு தூக்காமல், போதும் என்று அவளே சொல்லுமட்டும் போடச் சொல்லிக் கடவுளிடம் எல்லாரும் கேளுங்கள்.